மேஜையை நகத்துறதுக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிடுங்க

கேள்வி:

வணக்கம் மிஸ். நான் மொரீஷியஸ்ல ரோஸ் ஹில் பக்கம் ஒரு பிரைமரி ஸ்கூல்ல தமிழ் சொல்லிக் குடுக்கறேன், இது எனக்கு ரெண்டாவது வருஷம். கிரேடு 5ல 24 பசங்க. எப்பவும் போர்டுல எழுதிப் போட்டு காப்பி பண்ண வைக்கிறது போரடிக்குதேன்னு, போன வாரம் நாலு நாலு பேரா உக்கார வச்சு தைப்பூசக் காவடி பத்தி போஸ்டர் பண்ணச் சொன்னேன். பத்து நிமிஷம் நல்லா விளக்கினேன், எல்லாரும் "வீ மிஸ்", ஆமா மிஸ்னு தலையாட்டினாங்க. குரூப்பா உக்காந்த மறு நிமிஷமே ஆறு மேஜையிலேருந்தும் "மிஸ், கி பு ஃபேர்?", என்ன பண்ணணும் என்ன பண்ணணும்னு ஒரே கேள்வி. ஒவ்வொரு மேஜையா ஓடி ஓடி திரும்பச் சொன்னதுலயே பீரியடு முடிஞ்சுபோச்சு. சத்தம் கேட்டு ஹெட் மிஸ்ட்ரெஸ் வாசல்ல வந்து நின்னு பாத்துட்டுப் போனாங்க. வீட்டுல பாட்டிகூட தமிழ் பேசுற பொண்ணு ஒருத்தி இருக்கா, அவ குரூப்புக்கு அவளே எல்லாத்தையும் எழுதிட்டா, மத்த மூணு பேரும் கலர் அடிச்சிட்டு உக்காந்திருந்தாங்க. நான் விளக்கினது போதலையா? தமிழ்ல சொல்லாம, பசங்க வீட்டுல பேசுற கிரியோல்ல சொல்லியிருக்கணுமா? இல்ல நம்ம 50 நிமிஷ பீரியடுக்கு குரூப் வர்க்கே ஒத்து வராதா?

பதில்:

தங்கச்சி, நீங்க விளக்கினது போதலைன்னு இல்ல, ரொம்ப அதிகமாயிடுச்சு. பத்து நிமிஷம் வாயால சொன்னதை, அதுவும் வீட்டுல பேசாத ஒரு பாஷையில சொன்னதை, பத்து வயசுப் புள்ளை தலைக்குள்ள வச்சுக்கிட்டு போய் வேற மேஜையில உக்காந்து ஞாபகப்படுத்தி வேலை ஆரம்பிக்கணும்னா அது நடக்காது. பெரியவங்களாலேயே ஒரே நேரத்துல மனசுல நிறுத்தி வைக்க முடியற விஷயம் ஏறக்குறைய நாலுதான்னு நெல்சன் கோவன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 2001ல எழுதினாரு, சின்னப் பசங்களுக்கு அதைவிடக் கம்மி. உங்க பத்து நிமிஷத்துல எத்தனை விஷயம் இருந்திருக்கும்னு எண்ணிப் பாருங்களேன். விரதம் பத்தி எழுதணும், ஊர்வலம் பத்தி எழுதணும், படம் வரையணும், தமிழ்ல எழுதணும், எழுத்துப் பிழை கூடாது, எல்லாரும் பங்கெடுக்கணும், சண்டை போடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பென்சில்ல எழுதிட்டு அப்புறம் பேனா. இதுல பாதி, வேலை என்னங்கிறதே இல்ல, நம்ம பயம். எது வேலை எது பயம்னு பசங்களுக்குப் பிரிக்கத் தெரியாது, எல்லாத்தையும் கேட்டுட்டு எல்லாத்தையும் விட்டுடுவாங்க.

இன்னொரு விஷயமும் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. நான் இப்ப பண்றதே புது டீச்சர்ஸ் க்ளாஸ்ல கடைசி பெஞ்சுல உக்காந்து பாக்குற வேலைதான், அதுல பாத்த வரைக்கும் பசங்க "என்ன பண்ணணும்"னு கேக்குற இடத்துல பெரும்பாலும் டீச்சருக்கே அது முழுசாத் தெரிஞ்சிருக்காது. "காவடி பத்தி போஸ்டர்" உங்க மனசுல ஒரு படமா இருக்கு, ஆனா அந்தப் படத்துல எத்தனை வரி இருக்கு, யார் எழுதினது, பேப்பர் எவ்ளோ பெருசுன்னு கேட்டா நீங்களும் யோசிச்சுத்தான் சொல்லணும். அதனால எதைச் சொல்லணும்னு தேடுறதுக்கு முன்னாடி, அந்த வேலையை முதல் நாள் ராத்திரி நீங்களே ஒரு தடவை செஞ்சு பாருங்க. நிஜமாவே பேப்பரை எடுத்து, பசங்களுக்குக் குடுக்கப்போற அதே பேப்பர், அதே கலர் பென்சில், அதே நிமிஷம். பாதியிலேயே கேள்வி வரிசையா வந்து நிக்கும். தலைப்பு எங்க எழுதறது, வாக்கியமா வார்த்தையா, புஸ்தகத்தைத் திறந்து பாத்து எழுதலாமா, "பால் சொம்பு" எழுத்து தெரியலைன்னா யாரைக் கேக்கறது, முடிச்சவன் என்ன பண்றது. மறுநாள் ஆறு மேஜையிலேருந்து வரப்போற கேள்வி எல்லாம் இதேதான். அதுக்கெல்லாம் பதில் முடிவு பண்ணிட்டீங்கன்னா நீங்க சொல்ல வேண்டியது தானா சுருங்கிடும். லெஸன் பிளான்ல "குரூப் ஆக்டிவிட்டி, 20 நிமிஷம்"னு ஒரு வரி எழுதிட்டு விட்டுடறோம் பாருங்க, அந்த ஒரு வரிக்குக் கீழ இருக்க வேண்டியது இதெல்லாம்தான்.

அடுத்தது வரிசை. இதுல நான் கொஞ்சம் பிடிவாதம். மேஜையை நகத்தறதுக்கு முன்னாடி, பேப்பர் கைக்குப் போறதுக்கு முன்னாடி, யார் யார் எந்த குரூப்புன்னு சொல்றதுக்கும் முன்னாடி, எல்லாரும் போர்டைப் பாத்து உக்காந்திருக்கறப்பவே வேலையைச் சொல்லி முடிச்சிடணும். நாற்காலி கிறீச்சுன்னு நகந்துடுச்சுன்னா முடிஞ்சுது, அதுக்கப்புறம் யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க, யார் பக்கத்துல யாரு, நல்ல செவப்புப் பென்சில் யாருக்குங்கிறதுதான் ஓடும். தமிழ் டீச்சருக்கு இதுல தனிக் கஷ்டம் வேற இருக்கு, ஹிந்திக்குப் போற புள்ளைங்க ஒரு பக்கம், உருதுக்குப் போறவங்க ஒரு பக்கம், நம்ம பசங்க வேற ரூம்லேருந்து மூட்டையைத் தூக்கிட்டு நம்மகிட்ட வர்றாங்க, சில சமயம் நாமதான் இன்னொருத்தர் ரூமுக்குப் போய் அவங்க போர்டுல எழுதியிருக்கறதை அழிக்கலாமா கூடாதான்னு நிக்கிறோம். அதுலயே அஞ்சு நிமிஷம் போயிடும். அதனால போர்டை நம்பாதீங்க, வேலையை வீட்டிலேயே ஒரு பெரிய பேப்பர்ல எழுதி சுருட்டி எடுத்துட்டுப் போயிடுங்க, மாட்டி விட்டா பீரியடு முடியற வரைக்கும் அங்கேயே இருக்கட்டும். நீங்க சொன்னது காத்துல போயிடும், எழுதினது செவத்துல நிக்கும், மறந்தவன் நிமிந்து பாத்துப்பான்.

சொல்லும்போது கடைசியிலேருந்து ஆரம்பிங்க. முதல்ல பசங்களுக்குத் தெரிய வேண்டியது பீரியடு முடியறப்ப மேஜை மேல என்ன இருக்கணும்ங்கிறதுதான். ஒரு மாதிரி போஸ்டரைத் தூக்கிக் காட்டுங்க, ஆனா காவடி போஸ்டரைக் காட்டாதீங்க, அப்படியே காப்பி அடிச்சிடுவாங்க. வருஷப் பிறப்பு பத்தி நீங்க பண்ணின ஒண்ணைக் காட்டுங்க, அதே நாலு கட்டம், கட்டத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழ ரெண்டு வாக்கியம். அப்புறம் சொல்லுங்க: "இதே மாதிரி காவடிக்கு ஒண்ணு. நாலு கட்டம். முதல் கட்டம் கொடியேத்தம், விரதம். ரெண்டாவது காவடி கட்டறது. மூணாவது ஆத்தங்கரையிலேருந்து கோவிலுக்கு ஊர்வலம். நாலாவது வாழை இலையில ஏழு கறிச் சாப்பாடு. ஆளுக்கு ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு கலர். 15 நிமிஷம்." அவ்ளோதான், ஒரு நிமிஷத்துல முடிஞ்சிடும். சண்டை போடாதீங்க, சத்தம் போடாதீங்கன்னு சேக்கணும்னு நாக்கு துடிக்கும், சேக்காதீங்க.

இப்ப புரிஞ்சுதான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது. "கோம்ப்ரான்?", புரிஞ்சுதான்னு கேட்டா "வீ மிஸ்"னு கோரஸா பதில் வரும், அந்த "வீ"யை நம்பி எந்த வேலையும் ஆரம்பிக்கக் கூடாது, கோவில் மணி அடிச்சா கன்னத்துல போட்டுக்கற மாதிரி அது கை தானா செய்யற காரியம். பதிலா, ஒரே வார்த்தையில தப்பாவோ சரியாவோ பதில் வர்ற கேள்வி கேளுங்க. ஒரு கட்டத்துல எத்தனை வாக்கியம்? உன் கட்டத்தை இன்னொருத்தர் எழுதலாமா? உக்காந்ததும் முதல்ல எதைக் கையில எடுக்கணும்? கேட்டுட்டு வாயை மூடிட்டு நில்லுங்க. மேரி பட் ரோன்னு அமெரிக்கால ஒரு அம்மா, சயின்ஸ் க்ளாஸ்ல டீச்சருங்க கேள்வி கேட்டுட்டு எவ்ளோ நேரம் காத்திருக்காங்கன்னு டேப்புல பதிவு பண்ணி அளந்தாங்க, 1970கள்ல. ஏறக்குறைய ஒரு செகண்டுதான் காத்திருந்தாங்களாம். அதையே மூணு செகண்டா ஆக்கினப்ப பசங்க பதில் நீளமாச்சு, எப்பவும் பேசாதவங்களும் வாயைத் திறந்தாங்க. மூணு செகண்டு நிக்கிறது கேக்க சுலபமா இருக்கு, நின்னு பாருங்க, ஒரு யுகமா தெரியும்.

கேள்வியை யார்கிட்ட கேக்கணும்? முன்னாடி கையைத் தூக்கிட்டு நிக்கிற பாட்டி வீட்டுப் பொண்ணுகிட்ட இல்ல. ஜன்னல் பக்கம் பாத்துட்டு இருக்கிறவன்கிட்ட. அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா க்ளாசுக்கே தெரிஞ்சுதுன்னு வச்சுக்கலாம்.

கிரியோல் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இதைக் கேட்டு எனக்கு நிறைய பேர் எழுதறீங்க, ஏதோ குத்தம் பண்ற மாதிரி. நம்ம பசங்க கனவு காணறது கிரியோல்லதான், 2012லேருந்து அதுவே பிரைமரில ஒரு பாடமா இருக்கு, அதை க்ளாஸுக்குள்ள விடவே மாட்டேன்னு நின்னா வீம்புதான் மிஞ்சும். அதே சமயம் எல்லாத்தையும் நீங்களே கிரியோல்ல சொல்லிட்டீங்கன்னா, "கட்டம்", "ஊர்வலம்", "வரைங்க", "ஆளுக்கு ஒண்ணு" இதெல்லாம் அந்தப் புள்ளை காதுல எப்பத்தான் விழறது? தமிழ்ல பேசி ஒரு வேலை நடந்துச்சுன்னு அவங்க பாக்குற ஒரே இடம் நம்ம பீரியடுதான், முக்காவாசி பேருக்கு. நான் சொல்ற வழி இது: நீங்க தமிழ்லயே சொல்லுங்க, சின்னச் சின்ன வாக்கியமா, கையால காட்டிக் காட்டி. அப்புறம் ஒரு பையனைக் கூப்பிட்டு, "மிஸ் என்ன சொன்னேன்னு எல்லாருக்கும் கிரியோல்ல சொல்லு"ன்னு விடுங்க. அவன் சரியாச் சொன்னா புரியாத நாலு பேருக்கும் புரிஞ்சிடும். தப்பாச் சொன்னா, மேஜை நகர்றதுக்கு முன்னாடியே உங்களுக்கு எங்க ஓட்டைன்னு தெரிஞ்சுபோச்சு. ஆனா டெய்லி ஒரே பையனைக் கூப்பிடாதீங்க, அப்புறம் அவன் எப்படியும் சொல்லுவான்னு யாரும் உங்களைக் கேக்க மாட்டாங்க.

இப்ப அந்தப் பொண்ணு. அவளை அடக்கணும்னு நினைக்காதீங்க, அவ மேல ஒரு தப்பும் இல்ல, ஒரே பேப்பர், ஒரே பேனா, ஒரே பதில்னு குடுத்தா யாருக்குச் சீக்கிரம் வருதோ அவங்கதான் எழுதுவாங்க. கூட்டம் சேந்தா ஆளுக்கு ஆள் உழைப்பு குறையும்னு மாக்ஸ் ரிங்கல்மான்னு ஒரு பிரெஞ்சு விவசாய எஞ்சினியர் கயிறு இழுக்க வச்சே அளந்து 1913ல வெளியிட்டாரு, 8 பேர் சேந்து இழுக்கறப்ப ஒருத்தர் பங்குக்கு வந்த பலம் அவங்க தனியா இழுக்கறதுல பாதிக்கும் கொஞ்சம் கம்மி. பெரிய ஆம்பளைங்களே அப்படின்னா கிரேடு 5 பசங்க கலர் அடிச்சிட்டு உக்காந்ததுல என்ன ஆச்சரியம். அதனால குரூப்பு நாலு பேருக்கு மேல போக வேணாம், மூணு பேரா இருந்தா இன்னும் நல்லது, அப்ப கட்டத்தையும் மூணாக்கிடுங்க. ஆளுக்கு ஒரு கலர்னு மேல சொன்னேனே, அது அழகுக்கு இல்ல. பச்சையில எழுதினது யாரு, ஊதாவுல எழுதினது யாருன்னு பேப்பரோட ஓரத்துல பேரைப் போடச் சொல்லிட்டீங்கன்னா, பேப்பர் முழுக்க ஊதாவா இருந்தா நீங்க யாரையும் விசாரிக்கவே வேணாம்.

ஆனா கலர் மாத்தறது பாதிதான். வேலையே ஒருத்தரால தனியா முடிக்க முடியாத மாதிரி இருக்கணும். 1971ல டெக்சாஸ்ல ஆஸ்டின் ஊர்ல கறுப்பு, வெள்ளை, மெக்சிகன் பசங்களை அப்பத்தான் ஒண்ணா உக்கார வச்சிருந்தாங்க, க்ளாஸ்ல ஒரே விரோதம். எலியட் அரோன்சன்னு ஒரு உளவியல் பேராசிரியரைக் கூப்பிட்டாங்க. அவரும் அவரோட மாணவர்களும் பாடத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சு ஆளுக்கு ஒரு துண்டு குடுத்தாங்க, மத்தவன் சொல்றதைக் கேக்காம பாடம் முழுசாக் கிடைக்காது. ஜிக்சா முறைன்னு இன்னைக்கும் சொல்றது அதைத்தான். உங்க க்ளாஸ்ல இதுக்கு ஏத்த சரக்கு ஏற்கனவே இருக்கு, பாருங்க. பாட்டி வீட்டுப் பொண்ணுக்கு வார்த்தை தெரியும். ஆனா அப்பாவோ மாமாவோ காவடி எடுக்கிற வீட்டுப் பையன் ஒருத்தன் கண்டிப்பா இருப்பான், அவனுக்கு மூங்கிலை எப்படி வளைக்கிறது, தென்னோலை எங்க கட்டறது, எலுமிச்சம்பழம் எங்க தொங்கும், மயிலிறகு எங்க வரும், கோவில் போய்ச் சேர்ற வரைக்கும் சொம்புல பால் திரியக் கூடாதுன்னு ஏன் சொல்றாங்க, எல்லாம் அத்துப்படி, அதை எழுதத் தமிழ்தான் இல்ல. ரெண்டாவது கட்டத்தை அவனுக்குக் குடுங்க. அவன் கிரியோல்ல சொல்லுவான், அவ வார்த்தை சொல்லுவா, அவன் கையால பச்சையில எழுதுவான். குரூப்புல யாருக்கு மதிப்பு யாருக்கு இல்லைன்னு பசங்க வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிடறாங்க, அதை மாத்தணும்னா டீச்சர் எல்லார் காதுலயும் விழற மாதிரி, "காவடி கட்டறது இவனுக்குத்தான் தெரியும், இவனைக் கேக்காம ரெண்டாவது கட்டம் வராது"ன்னு சொல்லணும்னு ஸ்டான்ஃபோர்டு யூனிவர்சிட்டில எலிசபெத் கோஹன் பல வருஷம் இதையே ஆராய்ச்சி பண்ணினாங்க. பொய்யாப் புகழக் கூடாது, பசங்க ஒரு நொடியில கண்டுபிடிச்சிடுவாங்க. அவனுக்கு நிஜமாத் தெரிஞ்சதைத்தான் சொல்லணும்.

லீடர், டைம் கீப்பர்னு பதவி பிரிச்சுக் குடுக்கறது எனக்கு அவ்வளவா பிடிக்காது. டைம் கீப்பர் கடியாரத்தைப் பாத்துட்டே பீரியடை ஓட்டிடுவான். ஒரே ஒரு பதவி மட்டும் வச்சுக்குங்க, கேள்வி கேக்குற ஆள். குரூப்புக்கு ஒருத்தர்தான் எழுந்து உங்ககிட்ட வரலாம், அதுவும் மத்த மூணு பேருக்கும் பதில் தெரியலைன்னா மட்டும். இருபத்தி நாலு "மிஸ்! மிஸ்!" ஆறா குறைஞ்சிடும்.

உக்காந்ததும் முதல் ரெண்டு நிமிஷம் எந்த மேஜைக்கும் போகாதீங்க. ஒரு ஓரமா நின்னு பாருங்க, கை எல்லாம் பென்சிலுக்குப் போகுதா, கண்ணு எல்லாம் செவத்துல மாட்டின பேப்பருக்குப் போகுதான்னு. நீங்க உடனே ஓடினீங்கன்னா, மிஸ் சொல்றதைக் கேக்காட்டியும் பரவால்ல, எப்படியும் மேஜைக்கு வந்து தனியாச் சொல்லுவாங்கன்னு பசங்க கத்துக்குவாங்க, போன வாரம் அதுதான் நடந்திருக்கும்னு நினைக்கிறேன். ஒரே கேள்வி ரெண்டு மேஜையிலேருந்து வந்துச்சுன்னா அது அந்த மேஜைங்களோட கோளாறு இல்ல, சொன்னதுல ஏதோ விட்டுப் போயிருக்கு. மொத்த க்ளாஸையும் நிறுத்தி ஒரு தடவை எல்லாருக்கும் சொல்லிட்டு விடுங்க. நிறுத்தறதுக்கு ஒரு சிக்னல் வேணும், கை தட்டறதோ கையைத் தூக்கறதோ, அதை வேலை நடுவுல கண்டுபிடிக்க முடியாது, முன்னாடியே பழக்கியிருக்கணும். மேஜை நகத்தறதும் அப்படித்தான், ஒரு நாள் பாடமே இல்லாம, நகத்தி உக்காந்து திரும்பப் பழைய இடத்துக்கு வர்றதை மட்டும் பண்ண வச்சுப் பாருங்க, விளையாட்டு மாதிரி ஆசையாப் பண்ணுவாங்க.

ஹெட் மிஸ்ட்ரெஸ் விஷயத்துக்கு ரொம்பக் கவலைப்படாதீங்க. அடுத்த தடவை பண்றதுக்கு முன்னாடி செவத்துல மாட்டப்போற அந்தப் பேப்பரை அவங்ககிட்ட காட்டி, இன்னைக்கு இத்தனை மணிக்குக் கொஞ்சம் சத்தம் வரும் மேடம்னு சொல்லிட்டு வந்துடுங்க. பக்கத்து ரூம் மிஸ்கிட்டயும்.

நம்ம பீரியடுக்கு ஒத்து வருமான்னு கேட்டீங்க. எல்லா பாடத்துக்கும் வராது, வரவும் வேணாம். ணகரம் னகரம் எழுதிப் பழகறதுக்கு எதுக்கு குரூப்பு, அது தனியா உக்காந்து பண்ண வேண்டியது. ஒருத்தருக்குத் தெரியாதது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கிற இடத்துல மட்டும் சேத்து உக்கார வைங்க. அதுக்கும் முன்னாடி கொஞ்ச நாள் ரெண்டு ரெண்டு பேரா பழக்குங்க, மேஜை நகர வேணாம், பக்கத்துல இருக்கிறவன்கிட்டத் திரும்பினா போதும். முதல்ல தனியா யோசி, அப்புறம் பக்கத்துல இருக்கறவங்கிட்ட சொல்லு, அப்புறம் க்ளாஸுக்குச் சொல்லு, 1981ல ஃபிராங்க் லைமன்னு ஒரு அமெரிக்க டீச்சர் எழுதின வழி, நம்ம 50 நிமிஷத்துக்குள்ள மூணு தடவைகூடப் பண்ணலாம். அது ஓடுதுன்னா நாலு பேருக்குப் போங்க.

திரும்பவும் அந்தக் காவடி போஸ்டரையே பண்ணுங்க, புது டாபிக் தேட வேணாம், பசங்களுக்கும் முன்னாடி கெடுத்ததைச் சரி பண்ணின மாதிரி இருக்கும். பண்ணும்போது ஓரமா நின்னு பாக்கச் சொன்னேனே, அந்த ரெண்டு நிமிஷத்துல பசங்க என்ன என்ன கேட்டாங்கன்னு ஒரு துண்டுப் பேப்பர்ல அவங்க கேட்ட மாதிரியே, கிரியோல்லயே குறிச்சு எனக்கு அனுப்புங்க. அந்தக் கேள்விகளை வச்சுக்கிட்டு நீங்க மாட்டின பேப்பர்ல எந்த வரியை மாத்தணும்னு பாக்கலாம்.